மாவீரர் திப்பு சுல்தான்: விடுதலையும் வாழ்வாதாரமும்

 

நம் வேங்கிக்காலிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை வேலூரைச் சென்றடைகிறது. திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செல்லும் சாலையோ செங்கத்தைத் தாண்டி, மலைக் கணவாய் வழியே பாராமஹால் என்று அந்நாளில் வழங்கிய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிக்கும், அதற்கப்பால் மைசூர் நாட்டுக்கும் இட்டுச் செல்கிறது. வணிகத்திற்காகவும், திருமணங்களுக்காகவும், மருத்துவத்திற்காகவும் இவ்விரு சாலைகளிலும் நாம் ஓயாமல் பயணம் செய்கிறோம். ஆனால், செங்கம் சாலை ஒரு மாபெரும் வீரரின் இளமைப் பருவத்தோடும், வேலூர்ச் சாலை அவருடைய மக்களின் சிறைவாசத்தோடும் தொடர்புடையவை என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அவர்தாம் மைசூர்ப் புலி என்று உலகம் போற்றும் ஷஹீத் திப்பு சுல்தான் அவர்கள்.

அவருடைய போர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். வாளேந்திய திப்புவை நாம் அறிவோம். ஏர், தறி, கப்பல், கணக்கேடு ஆகியவற்றைப் பற்றி இரவும் பகலும் சிந்தித்த திப்புவை அவ்வளவாக அறியோம். தன் பிழைப்புக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நாடு விடுதலையைக் காத்துக்கொள்ள முடியாது என்பதே அவர் வாழ்வின் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. இந்தக் கொள்கையை அவர் ஏட்டிலிருந்து மட்டும் கற்கவில்லை. தம் கண்ணெதிரே, குறிப்பாக நாம் வாழும் இந்த ஆற்காட்டுச் சீமையிலே, நடந்து முடிந்தவற்றிலிருந்து கற்றார்.

பிறப்பும் கல்வியும்

திப்பு சுல்தான் 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தையார் ஹைதர் அலி, தாயார் ஃபக்ருன்னிசா. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியா அவர்களின் நினைவாகவே பிள்ளைக்குத் திப்பு என்று பெயரிடப்பட்டது. ஆக, மைசூர் சுல்தானின் பெயரே நம் வட்டாரத்திலிருந்து சென்ற பெயராகும்.

ஹைதர் அலி சாதாரணப் படைவீரராகத் தொடங்கி, திண்டுக்கல்லில் படைத்தலைவராக உயர்ந்து, 1761இல் மைசூரின் ஆட்சிப் பொறுப்பைக் கைக்கொண்டவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறை தம் மகனுக்கு நேரக்கூடாது என்று உறுதிபூண்டார். தேர்ந்த ஆசிரியர்களை அமர்த்தி, குர்ஆன் ஓதுதல், அரபி, பாரசீகம், உருது, கன்னடம், குதிரையேற்றம், படைக்கலப் பயிற்சி ஆகிய அனைத்தையும் கற்பித்தார். பிற்காலத்தில் திப்பு தமக்கென ஒரு பெரிய நூலகத்தையே வைத்திருந்தார். எழுத்தறியாத தந்தை மகனுக்கு அளித்த செல்வங்களில் தலையாயது கல்வியே என்பதைப் பெற்றோர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

நம் மண்ணில் நடந்த போர்

1767ஆம் ஆண்டு முதலாம் ஆங்கிலேய மைசூர்ப் போர் மூண்டது. ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் ஒன்றுசேர்ந்து, கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் வந்த ஆங்கிலக் கம்பெனிப் படையை எதிர்த்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் செங்கத்தில் கடும் போர் நடந்தது. போருக்குப் பின் ஸ்மித், உணவுப் பொருள் கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் திருவண்ணாமலைக்கு விரைந்தார். போதிய தானியம் இங்கே இருக்கவில்லை. அம்மாத இறுதியில் திருவண்ணாமலை அருகே மீண்டும் போர் நடந்தது. அதில் ஹைதர், நிஜாம் கூட்டுப் படை தோல்வி கண்டு பின்வாங்கியது.

அவ்வேளையில் பதினேழு வயதைக்கூடத் தாண்டாத திப்பு, ஒரு குதிரைப் படையுடன் சென்னையின் வாசல் வரை சென்றிருந்தார். சாந்தோம் பகுதியில் அவர் படை தோன்றியதும், தோட்ட மாளிகைகளில் தங்கியிருந்த கம்பெனி அதிகாரிகள் கோட்டைக்குள் ஓடிப் புகுந்தனர். திருவண்ணாமலைத் தோல்விச் செய்தி எட்டியதும் திப்பு படையைத் திருப்பிக்கொண்டு தந்தையிடம் வந்து சேர்ந்தார்.

நிஜாம் 1768இல் ஹைதரைக் கைவிட்டு ஆங்கிலேயருடன் தனியே உடன்படிக்கை செய்துகொண்டார். ஹைதரோ தளரவில்லை. 1769இல் தாமே சென்னையின் எல்லையை எட்டி, கம்பெனியைச் சமாதானத்திற்குப் பணிய வைத்தார். மைசூரைப் பிறர் தாக்கினால் உதவிக்கு வருவதாகக் கம்பெனி வாக்களித்தது. அடுத்த ஆண்டே மராத்தியர் மைசூரின் மேல் படையெடுத்தபோது கம்பெனி வாக்கைக் காப்பாற்றவில்லை. கூட்டாளி கைவிட்டதையும், உடன்படிக்கை காற்றில் பறந்ததையும் இளைஞர் திப்பு அருகிலிருந்து கண்டார்.

ஆற்காடு கற்பித்த பாடம்

இவை எல்லாவற்றையும்விடத் திப்புவின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது ஆற்காட்டின் நிலையாகும். திருவண்ணாமலையும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் அந்நாளில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா அவர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. நவாபுக்குப் பட்டம் இருந்தது. சென்னையில் சேப்பாக்கம் மாளிகை இருந்தது. ஆனால், அவருக்காகப் போரிட்ட கம்பெனிப் படையின் செலவு முழுவதும் அவர் கணக்கில் கடனாக ஏறியது. அக்கடனைத் தீர்க்கக் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். வட்டிக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் அடகு போயிற்று. உழவன் விளைவித்த நெல், உழவனுக்கும் உதவாமல், நவாபுக்கும் பயன்படாமல், கடன் கொடுத்தவனின் பெட்டிக்குள் சென்றது.

வங்காளத்தில் நடந்ததும் இதுவே. 1757இல் பிளாசிப் போர். 1765இல் வரி வசூலிக்கும் திவானி உரிமை கம்பெனிக்கு. 1770இல் கொடும் பஞ்சம். முதலில் வணிகம், பின்பு கடன், அதன்பின் வரி, இறுதியில் நாடு என்னும் வரிசையில் ஒரு தேசம் கைமாறிப் போவதைத் திப்பு தெளிவாக உணர்ந்தார். அவர் கருத்தில் விடுதலை என்பது கொடியும் கோட்டையும் மட்டுமல்ல. நாட்டின் வரவும் செலவும் நாட்டார் கையில் இருப்பதே விடுதலை.

அரியணை ஏறுதல்

1780இல் இரண்டாம் மைசூர்ப் போர் தொடங்கியது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்தனர். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத பெருந்தோல்வி அது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் அப்போர்க்காட்சி ஓவியமாகக் காணப்படுகிறது.

1782 டிசம்பரில் ஹைதர் அலி சித்தூருக்கு அருகே போர்ப் பாசறையில் காலமானார். திப்பு சுல்தான் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்கள், ஐரோப்பாவில் தம் நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் சமாதானம் ஏற்பட்டது என்று அறிந்தவுடன், மங்களூர் முற்றுகையின் நடுவிலேயே 1783இல் விலகிக்கொண்டனர். எனினும் திப்பு தனித்து நின்று, 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையை எட்டினார்.

செல்வம் சேர்த்த வழிகள்

போர் ஓய்ந்த ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட பணிகள் வியப்பூட்டுபவை. இடைத்தரகர்களான பாளையக்காரர்களின் அதிகாரத்தைக் குறைத்து, அரசு நேரடியாக உழவர்களிடம் வரி வாங்கும் முறையை விரிவாக்கினார். ஏர் வாங்கவும் விதை வாங்கவும் ஏழை உழவர்களுக்குத் தக்காவி எனப்படும் முன்பணக் கடன் வழங்கச் செய்தார். தரிசு நிலத்தைத் திருத்துவோருக்கு வரிச்சலுகை அளித்தார். காவிரியின் குறுக்கே அணை கட்டுவதற்கு அவர் அடிக்கல் நாட்டியதைத் தெரிவிக்கும் பாரசீகக் கல்வெட்டு, பிற்காலத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டப்பட்டபோது கிடைத்தது. இன்றும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

வங்காளத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பட்டுப்புழுக்களைத் தருவித்து, மல்பெரிச் செடிகளைப் பயிரிடச் செய்து, 21 இடங்களில் பட்டு வளர்ப்பு நிலையங்களை அமைத்தார். இன்று நம் வீட்டுத் திருமணங்களில் மைசூர்ப் பட்டு மின்னுகிறதென்றால், அதன் தொடக்கத்தில் திப்புவின் முயற்சி இருக்கிறது. தந்தையார் தொடங்கிய பெங்களூர் லால்பாக் தோட்டத்தைப் பல நாட்டுச் செடிகளால் வளப்படுத்தினார். உழவுக்கும் படைக்கும் உதவிய அமிர்த மஹால் மாட்டினத்தைப் பேணினார். காகிதம், கண்ணாடி, கத்தி, துப்பாக்கி, பீரங்கி ஆகியவை மைசூரிலேயே செய்யப்பட வேண்டும் என்று கருதித் தொழிற்கூடங்களை நிறுவினார்.

கடல் வணிகத்தையும் அவர் மறக்கவில்லை. மிளகு, சந்தனம், ஏலம் ஆகியவற்றின் வணிகத்தை அரசே ஏற்றது. மஸ்கட்டிலும் கட்ச் பகுதியிலும் மைசூர் அரசின் பண்டகசாலைகள் இயங்கின. அரசு வணிகத்தில் குடிமக்களும் பணம் செலுத்திப் பங்கு பெறலாம் என்று விதி வகுத்தார். அதில் ஒரு நுட்பம் உண்டு. சிறு தொகை செலுத்தியவருக்கு இலாப விகிதம் அதிகம். பெருந்தொகை செலுத்தியவருக்குக் குறைவு. செல்வம் ஒரு சிலரிடமே சுற்றிவரக்கூடாது என்னும் நெறியை வணிக விதியாகவே எழுதிவைத்த ஆட்சியாளர் அவர். மது விற்பனையால் கருவூலத்துக்குக் கிடைத்த வருவாயை இழக்கத் துணிந்து, மதுவிலக்கையும் கொண்டுவர முயன்றார்.

படைத்துறையில் அவர் வளர்த்த இரும்புக் குழாய் ஏவுகணைகள் உலகப் புகழ் பெற்றவை. மூங்கில், காகிதக் குழாய்களைவிட இரும்புக் குழாய் வெடிமருந்தின் அழுத்தத்தை மிகுதியாகத் தாங்கும்; ஆகவே ஏவுகணை நெடுந்தொலைவு பாயும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்ட ஏவுகணைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காங்கிரீவ் என்பாரின் ஆய்வுக்கு வழிவகுத்தன. டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 1960களில் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது, அங்குள்ள விண்வெளி நிலையம் ஒன்றின் வரவேற்பறையில் திப்புவின் ஏவுகணைப் படையைச் சித்திரிக்கும் ஓவியத்தைக் கண்டு நெகிழ்ந்ததைத் தம் சுயசரிதையில் குறிப்பிட்டுள்ளார். நாம் மறந்த பெருமையை அயல்நாட்டார் சுவரில் மாட்டி வைத்திருந்தனர்.

1791இல் மைசூருக்குள் நுழைந்த ஆங்கிலப் படையில் எட்வர்டு மூர் என்னும் அதிகாரி இருந்தார். நன்கு உழப்பட்ட வயல்களையும், உழைப்பு மிகுந்த மக்களையும், புதிதாக எழுந்த ஊர்களையும் தாம் கண்டதாக அவர் எழுதிவைத்தார். பகைவரின் சாட்சியத்தைவிட உறுதியான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

நிறையும் குறையும்

திப்புவின் தலைமை நிதியமைச்சர் பூர்ணையா என்னும் பிராமணர். ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் ரங்கநாதர் கோயில் வழிபாடு தடையின்றி நடந்தது. 1791இல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, அதைச் சீரமைக்கப் பொருளும் பாதுகாப்பும் அளித்தவர் திப்பு. மடத்துத் தலைவருக்கு அவர் கன்னடத்தில் எழுதிய கடிதங்கள் 1916இல் வெளிச்சத்துக்கு வந்தன.

ஆயினும், உண்மையை முழுமையாகச் சொல்வதே நீதியாகும். குடகிலும் மலபாரிலும் கிளர்ச்சி செய்தவர்களைத் திப்பு கடுமையாக ஒடுக்கினார். ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுப் பெயர்த்துச் செல்லப்பட்டனர். கட்டாய மதமாற்றங்களும் நடந்தன. மங்களூர்க் கிறிஸ்தவர்களும் பெருந்துன்பம் அடைந்தனர். எதிர்த்து நின்ற மாப்பிள்ளை முஸ்லிம்களும் அவர் படையிடமிருந்து தப்பவில்லை. 1790இன் இறுதியில் திருவண்ணாமலையும் அவர் படையிடம் வீழ்ந்தது. அக்காலத்துப் போர்களில் பல முறை கைமாறிய இவ்வூரின் மக்கள், எந்தப் படை வந்தாலும் அல்லல்பட்டனர். நம்பிக்கையில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று கற்பிக்கும் மார்க்கத்தைச் சார்ந்த நாம், இச்செயல்களுக்கு நியாயம் தேட வேண்டியதில்லை. தமக்கும் தம் நாட்டுக்கும் வேண்டிய விடுதலையைக் குடகு மக்களும் தமக்கென விரும்பினர் என்பதை அவர் உணரத் தவறினார். அதன் விலையையும் அவர் கொடுத்தார். அம்மக்கள் அவருடைய பகைவரின் பக்கம் சேர்ந்தனர்.

பாதி நாடு பறிபோனது

மூன்றாம் போரில் கம்பெனி, நிஜாம், மராத்தியர் ஆகிய மூவரும் கைகோத்தனர். கார்ன்வாலிஸ் பிரபு 1791இல் பெங்களூரைக் கைப்பற்றி, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமஹால், திண்டுக்கல், மலபார், குடகு ஆகியவை கைவிட்டுப் போயின. போர் ஈட்டுத் தொகை 3 கோடியே 30 லட்சம் ரூபாய். தொகை தீரும் வரை ஈடாக, சிறுவர்களான இரு மைந்தர்களைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

பெற்ற பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்த தந்தையின் மனம் எப்படித் துடித்திருக்கும்! ஆனால், திப்பு ஆற்காட்டின் வழியில் செல்லவில்லை. கடனுக்கு மேல் கடன் வாங்கவில்லை. சிக்கனத்தாலும், வணிக வருவாயாலும், குடிமக்களின் பங்களிப்பாலும் தொகையைச் செலுத்தி முடித்தார். 1794இல் மைந்தர்கள் வீடு திரும்பினர். எவ்வளவு நெருக்கடியிலும் கடனைத் தீர்த்துவிட்டு நிமிர்ந்து நின்ற அந்த இரண்டு ஆண்டுகள், அவர் வென்ற போர்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

இறுதி நாள்

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் தலைமையில் கம்பெனியின் பெரும்படை நம் வேலூரிலிருந்துதான் மைசூரை நோக்கிப் புறப்பட்டது. நிஜாமின் படையும் உடன் சென்றது. பணிந்து போனால் பட்டமும் ஓய்வூதியமும் கிட்டும் என்பது திப்புவுக்குத் தெரியாதது அன்று. அப்படிப் பணிந்தோரின் வாழ்வு எத்தகையது என்பதும் அவருக்குத் தெரியும்.

மே 4ஆம் நாள் நண்பகலில் கோட்டைச் சுவரின் பிளவு வழியே எதிரிகள் புகுந்தனர். உணவருந்திக்கொண்டிருந்த சுல்தான் எழுந்து சென்று சாதாரணப் போர்வீரரைப் போலக் களத்தில் நின்றார். நீர்வாயில் அருகே, தம் வீரர்களின் உடல்களுக்கு நடுவே ஷஹீதாகக் கிடந்த அவரை எதிரிகள் இரவில் விளக்கொளியில்தான் கண்டுபிடித்தனர். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. மறுநாள் தந்தையாரின் அடக்கத்தலமாகிய கும்பஸில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவருடைய அரியணை துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டது. நூலகத்து ஏடுகள் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் சென்றன.

இரண்டே ஆண்டுகளில், 1801இல், ஆற்காட்டு நாடும் கம்பெனியால் விழுங்கப்பட்டது. நவாபின் குடும்பத்தார் திப்புவுடன் இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தனர் என்பது காரணமாகக் காட்டப்பட்டது. எதிர்த்தவரும் நாட்டை இழந்தார்; அடிபணிந்தவரும் இழந்தார். ஆனால், எதிர்த்தவரின் நினைவு மட்டும் அடுத்த தலைமுறைக்கு உணவாயிற்று.

வேலூரில் எழுந்த நினைவு

திப்புவின் மக்களும் உறவினரும் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் அக்கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தாடியை மழிக்கவும், நெற்றிக் குறியை அழிக்கவும், புதுவகைத் தலைப்பாகை அணியவும் இடப்பட்ட கட்டளைகள் முஸ்லிம் வீரர்களையும் இந்து வீரர்களையும் ஒருசேரப் புண்படுத்தியிருந்தன. கோட்டையின் மேல் அவர்கள் ஏற்றிய கொடி திப்புவின் புலிவரிக் கொடி. அவர் மறைந்து ஏழு ஆண்டுகள் ஆகியும், விடுதலை என்றதும் அவர்கள் நினைவுக்கு வந்தது அக்கொடியே. ஆற்காட்டிலிருந்து விரைந்த குதிரைப்படை அன்றே கிளர்ச்சியை ஒடுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். திப்புவின் மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1857ஆம் ஆண்டின் பெரும் எழுச்சிக்கு அரை நூற்றாண்டு முன்னரே நம் பக்கத்து ஊரில் நிகழ்ந்த தியாகம் இது. திப்புவின் குடும்பத்தினர் பலரின் கல்லறைகளை இன்றும் வேலூரில் காணலாம்.

நாம் பெறும் பாடம்

ஒரு தேசம் தன் கடந்த காலத்தில் எதை இழந்ததோ, அதையே தன் இலட்சியமாக வரித்துக்கொள்கிறது. ஆற்காடு கடனால் வீழ்ந்ததைக் கண்ட திப்பு, கடனற்ற நாட்டை விரும்பினார். அயலார் வணிகத்தால் நாடு பறிபோனதைக் கண்டவர், சொந்த வணிகத்தைக் கட்டியெழுப்பினார். நூறு ஆண்டுகளுக்குப் பின் சுதேசி இயக்கத்தினர் துணிக்கும் கப்பலுக்கும் போராடியதும் இதே காயத்தின் நினைவால்தான்.

எனவே, அருமைச் சகோதரர்களே, திப்புவை நினைப்பதென்பது அவர் படத்தைச் சுவரில் மாட்டுவதோடு முடிந்துவிடுவதன்று. வட்டிக் கடனில் சிக்காத குடும்பம், படிப்பை இடையில் நிறுத்தாத பிள்ளைகள், கைத்தொழில் அறிந்த இளைஞர்கள், சிறு சேமிப்பையும் நேர்மையாகப் பெருக்கும் வணிகம் ஆகியவையே அவருக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னங்கள். அதே வேளையில், அவர் தவறிய இடத்தில் நாம் தவறக் கூடாது. நமக்கு விரும்பும் மதிப்பையும் உரிமையையும் பக்கத்து வீட்டாருக்கும், பக்கத்துத் தெருவாருக்கும் விரும்ப வேண்டும்.

அடுத்த முறை செங்கம் வழியாகவோ வேலூருக்கோ பிள்ளைகளுடன் செல்லும்போது, பேருந்தின் சன்னல் வழியே தெரியும் மலைகளைக் காட்டி இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். வெற்றியையும் சொல்லுங்கள், குறையையும் மறைக்காமல் சொல்லுங்கள். உண்மை அறிந்து வளரும் தலைமுறைதான் விடுதலையின் அருமையும் உழைப்பின் பெருமையும் அறிந்த தலைமுறையாக விளங்கும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.